எந்த டவுன்டவுன் பெரியது?

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்காவில் வேறு வேறு ஊர்களில் வாழும் இருவர் சந்தித்துக்கொண்டால், சற்று நேரத்திலேயே "உங்கள் ஊர் டவுன்டவுன் பெரியதா?" என்ற கேள்வி எழுந்துவிடும். டவுன்டவுன் என்பது அலுவலகங்களும் கடைகளும் நெருங்கியிருக்கும் நகர மையம். கேட்பவர் பரப்பளவை விசாரிக்கவில்லை. அங்கே இறங்கி நின்றால் ஒரு பெருநகரத்தின் நடுவில் நிற்பதாக மனத்துக்குப் படுமா என்பதையே அவர் அறிய விரும்புகிறார். பல ஆண்டுகளாக இந்நகரங்களின் தெருக்களில் நடந்து பார்த்ததில் எனக்கு உறுதியாகியிருப்பது இதுதான்: அந்த உணர்வைத் தருவன கட்டடங்களின் தரைத்தளமும், மக்கள் அங்கு வந்து சேரும் வழியும். கட்டடத்தின் உயரத்துக்கு அதில் பங்கு உண்டு. ஆனால் நாம் நினைக்கும் அளவுக்கு இல்லை.

மக்கள்தொகையை வைத்தும் இதை அளந்துவிட முடியாது. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி ஹூஸ்டனில் ஏறத்தாழ 23 லட்சம் பேர்; சான் பிரான்சிஸ்கோவில் 9 லட்சத்துக்கும் குறைவு. ஆனால் ஹூஸ்டனின் எல்லைக்குள் சான் பிரான்சிஸ்கோவைப் போலப் பத்து நகரங்களைத் தாராளமாக அடக்கிவிடலாம். அத்தனை பரந்த நிலத்தில் சிதறி வாழும் மக்கள், மையத்துக்குக் காரில் வந்து, காரிலேயே திரும்பிவிடுகிறார்கள்.

ஓர் ஆகஸ்ட் மாத நண்பகலில் ஹூஸ்டன் டவுன்டவுனின் தெருமுனை ஒன்றில் நான் நின்றிருந்தேன். பக்கத்தில் 305 மீட்டர் உயரமும் 75 மாடிகளும் கொண்ட ஜேபிமார்கன் சேஸ் கோபுரம். வேலைநாள், அதுவும் சாப்பாட்டு நேரம். இருந்தும் நான்கு திசைகளிலும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களே கண்ணில் பட்டார்கள். பிறகு ஒரு கட்டடத்துக்குள் நுழைந்து, நகரும் படிக்கட்டில் கீழே இறங்கினேன். காணாமல் போயிருந்த நகரம் அங்கே இருந்தது! கழுத்தில் அடையாள அட்டை தொங்க, கையில் உணவுத் தட்டுடன் வரிசை வரிசையாக மக்கள். முடிதிருத்தகம், மருந்துக் கடை, காப்பிக் கடை. தரைக்கு ஏறத்தாழ 20 அடி ஆழத்தில், குளிரூட்டப்பட்ட சுரங்க நடைபாதைகள் அங்கே சுமார் 10 கிலோமீட்டர் நீளத்துக்குக் கட்டடங்களை இணைக்கின்றன. அந்த வெயிலில் இருந்து தப்ப நினைப்பவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. ஆயினும் அந்தக் கூட்டம் கீழே போனதால், மேலே தெருவைப் பார்த்த கடைகளுக்கு வாடிக்கையாளர் இல்லாமல் போனார்கள். கடைகள் இல்லாத தெருவில் நடப்பதற்கு யாருக்கும் காரணம் இல்லாமல் போயிற்று. மினியாபொலிசில் குளிருக்கு அஞ்சி 1962 முதல் கட்டப்பட்ட வான்நடைபாதைகளும், அதாவது தெருவுக்கு மேலே கட்டடங்களை இணைக்கும் மூடிய பாலங்களும், இதே வேலையைச் செய்தன; அங்கே மக்கள் முதல் மாடிக்கு ஏறிவிட்டார்கள்.

இதற்கு நேர் எதிரிடையாக எனக்குத் தோன்றுவது சிகாகோ. அங்குள்ள லூப் என்னும் பகுதியை 1897இல் முழுமை பெற்ற உயர்த்தப்பட்ட ரயில்பாதை சுற்றி வளைத்திருக்கிறது. அந்த வளையத்துக்குள் கிழக்கு மேற்காக ஐந்து பிளாக்குகள் (நான்கு புறமும் தெருக்கள் சூழ்ந்த மனைத்தொகுதிகள்), வடக்கு தெற்காக ஏழு. கால்மணி நேரத்தில் குறுக்கே நடந்து கடந்துவிடலாம். அவ்வளவு சிறிய இடம், நாட்டிலேயே மிகப் பெரிய மையங்களுள் ஒன்றாக மனத்தில் பதிவதற்கு என்ன காரணம்? காலை எட்டு மணிக்கு ஆடம்ஸ் தெருப் பாலத்தில் நின்று பாருங்கள். யூனியன் ஸ்டேஷனில் புறநகர் ரயில்களை விட்டு இறங்கிய கூட்டம், ஆற்றைக் கடந்து ஒரே திசையில் வேகமாக வரும். எதிர்த்து நடக்க முயன்றால் கைப்பிடிச் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டியிருக்கும். அங்கிருந்து வாபாஷ் தெருவுக்குப் போனால், தலைக்கு மேலே ரயில்பாதை. அதன் கட்டைகளுக்கு இடையே வெயில் கோடு கோடாக விழும். ரயில் வரும்போது பேசிக்கொண்டிருப்பவர்கள் வாக்கியத்தைப் பாதியில் நிறுத்தி, அது போன பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள். அங்குள்ளவர்களுக்கு அது பழக்கம். புதிதாக வந்தவனுக்கோ, நகரமே தன்மீது ஏறிப் போனதைப் போல இருக்கும். 442 மீட்டர் உயர வில்லிஸ் கோபுரமும் சில தெருக்கள் தள்ளி இருக்கிறது. அதனடியில் நடக்கும்போது அண்ணாந்து பார்த்தால் ஒழிய அதன் உயரம் நமக்குத் தெரிவதே இல்லை.

பிளாக்கின் அளவையும் கருத வேண்டும். ஒரிகன் மாநிலத்தின் போர்ட்லந்தில் ஒரு பிளாக், பக்கத்துக்கு 200 அடி கொண்ட சதுரம். சால்ட் லேக் சிட்டியில் பக்கத்துக்கு 660 அடி, தெருவின் அகலமே 132 அடி. போர்ட்லந்தில் ஒரு நிமிடத்துக்கு ஒரு தெருமுனை வரும், திரும்புவதா நேரே போவதா என்ற தேர்வும் கூடவே வரும். சிறிய பிளாக்குகள் தெருவுக்கு உயிரூட்டுகின்றன என்று நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் அறுபது ஆண்டுகளுக்கு முன்பே வாதிட்டார். அதை என் கால்கள் ஒப்புக்கொள்கின்றன.

உயரத்தால் பெரிதாகத் தெரியும் இடம், தெருவின் கூட்டத்தால் பெரிதாகத் தெரியும் இடம் என்னும் இரு வகைகளையும் ஒரே டவுன்டவுனுக்குள் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமானால் லாஸ் ஏஞ்சலஸுக்குச் செல்ல வேண்டும். அங்கே பங்கர் ஹில் என்னும் மேட்டில் இருந்த பழைய மரவீடுகளை இடித்துத் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் கோபுரங்களையும் அகன்ற கல் முற்றங்களையும் கட்டினார்கள். மேட்டிலிருந்து கீழே இறங்க ஏஞ்சல்ஸ் ஃப்ளைட் என்னும் சிறு ரயில் இருக்கிறது. 1901இல் தொடங்கப்பட்டு, பின்னர் சற்றே இடம் மாற்றி அமைக்கப்பட்டது. பயணம் ஒரு நிமிடம்கூட ஆகாது. மேலே காற்றும் கண்ணாடியும் அமைதியும். கீழே, 1917 முதல் நடந்துவரும் கிராண்ட் சென்ட்ரல் மார்க்கெட்டின் இரைச்சலும், வாட்டும் இறைச்சியின் மணமும், தோளோடு தோள் உரசும் நெரிசலும். உயரத்தைக் கொண்டு மதிப்பிட்டால் மேடுதான் பெரியது. எந்த இடத்தைப் பெருநகரம் என்று ஊருக்குத் திரும்பிச் சொல்வீர்கள் என்று கேட்டால், நான் அந்தச் சந்தையைத்தான் சொல்வேன்.

நியூயார்க்கில் டவுன்டவுன் என்பது முதலில் ஒரு திசை. மன்ஹாட்டன் தீவில் தெற்கு நோக்கிப் போவதை இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். அந்தத் தென்முனையில் உள்ள வால் ஸ்ட்ரீட் பகுதி, அலுவலகங்கள் மூடியதும் வெறிச்சோடிப் போவதற்குப் பெயர் பெற்றதாக இருந்தது. 1995இல், பழைய அலுவலகக் கட்டடங்களை வீடுகளாக மாற்றுவோருக்கு வரிச்சலுகை அளிக்கும் திட்டம் வந்தது. அதன் பின்னர் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் அங்கே குடியேறின. இப்போது சிகாகோவின் லசால் தெருவிலும், பெருந்தொற்றுக்குப் பிறகு காலியான அலுவலக மாடிகளை வீடுகளாக்கும் முயற்சி நடக்கிறது. சென்ற முறை வால் ஸ்ட்ரீட் பக்கம் மாலை ஏழு மணிக்கு நடந்தபோது, ஒரு பழைய கட்டடத்தின் கனத்த வெண்கலக் கதவை ஒரு தாய் முதுகால் தள்ளித் திறந்து, குழந்தை வண்டியை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். வண்டியின் கைப்பிடியில் காய்கறிப் பை தொங்கியது. மேலே நான்கைந்து ஜன்னல்களில் சமையலறை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன.