அப்பாவின் குற்றம், மகனின் வழக்கு

எல்லோருக்கும் வணக்கம். இன்றைய துருக்கிப் பகுதியில் பழங்காலத்தில் ஆண்ட ஹிட்டைட் அரசர்கள் என்றால் சுப்பிலுலியுமாவைப் பற்றியோ, காதேஷில் எகிப்தோடு மோதிய முவத்தல்லியைப் பற்றியோதான் பேசுவது வழக்கம். நான் இன்றைக்கு நடுவில் இருந்தவரை எடுத்துக்கொள்கிறேன். முன்னவருக்கு மகன், பின்னவருக்கு அப்பா. இரண்டாம் முர்சிலி. கி.மு. 1321 வாக்கில் பட்டத்துக்கு வந்து 25 ஆண்டுகள் போல ஆண்டவர். தலைநகர் ஹத்துசா, இன்றைய துருக்கியில் இருக்கிறது.

அப்பா இறந்து, பின்னால் வந்த அண்ணன் அர்ணுவந்தாவும் சீக்கிரமே நோயில் போய்விட, இவர் தலையில் பட்டம் விழுந்தது. சுற்றியிருந்த நாடுகளுக்கு ஒரே கொண்டாட்டம். ‘சின்னப் பையன், இவனால் என்ன ஆகும்’ என்றார்கள். இதை எதிரிகள் எழுதிவைக்கவில்லை, முர்சிலியே தன் வரலாற்றில் எழுதிவைத்திருக்கிறார்! மேற்கே அர்சாவா நாட்டு அரசன் உஹ்ஹாசிதிக்கு அவர் அனுப்பிய ஓலையின் சாரம் இது: என் ஆட்களைக் கேட்டேன், நீ தரவில்லை, என்னைச் சிறுவன் என்றாய், வா, மோதிப் பார்ப்போம், இடிதெய்வம் தீர்ப்புச் சொல்லட்டும். போகிற வழியில் வானத்திலிருந்து இடி ஒன்று விழுந்ததாம், உஹ்ஹாசிதிக்கு முழங்கால் விட்டுப்போனதாம். அவன் தீவுகளுக்கு ஓடிவிட்டான். பத்து ஆண்டுப் போர்க்கணக்கு இப்படியே நீளும். அதை விட்டுவிடுவோம்.

எனக்கு அவர் பெரிய மனிதராகத் தெரிவது வேறு இடத்தில். அப்பா காலத்தில் நுழைந்த கொள்ளைநோய் 20 ஆண்டுகளாக நாட்டை விடவில்லை. முர்சிலி தெய்வங்களிடம் முறையிட்ட களிமண் பலகைகள் நமக்குக் கிடைத்திருக்கின்றன. ‘எல்லோரும் செத்துப்போனால் உங்களுக்கு ரொட்டி சுட்டுப் படைக்க யார் இருப்பார்கள்?’ என்று கேட்கிறார். கெஞ்சல்தான், ஆனால் கொஞ்சம் வாதமும் இருக்கிறது.

அப்புறம் பழைய ஆவணங்களைத் தேடுகிறார். இரண்டு பலகைகள் அகப்படுகின்றன. ஒன்று, மாலா நதிக்கு, அதாவது யூப்ரடீசுக்கு, செய்யவேண்டிய படையல் பற்றியது. அது நின்றுபோயிருந்தது. மற்றது எகிப்தோடு செய்த பழைய உடன்படிக்கை. தெய்வங்கள் முன்னால் சத்தியம் செய்துகொடுத்தது. அதை மீறி எகிப்தின் பிடியில் இருந்த அம்கா என்ற பகுதி மீது படையை அனுப்பியவர் யார்? அப்பாதான். அந்தச் சமயத்தில் எகிப்தின் விதவை ராணி, ‘எனக்கு மகன் இல்லை, உங்கள் மகன்களில் ஒருவனைக் கொடுங்கள், கணவனாக்கிக்கொள்கிறேன்’ என்று கேட்டனுப்பினாள். ‘என் வாழ்நாளில் இப்படி ஒன்றைக் கண்டதில்லை’ என்று திகைத்த அப்பா, விசாரித்துவிட்டுத் தன் மகன் சன்னன்சாவை அனுப்பினார். பிள்ளை உயிரோடு திரும்பவில்லை. கோபத்தில் படையெடுத்து, ஜெயித்து, கைதிகளைப் பிடித்துவந்தார். கைதிகளோடு நோயும் வந்தது.

தங்கள் வீட்டுப் பிள்ளையைக் கொன்ற எகிப்தின் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். முர்சிலி அதைச் செய்யவில்லை. குறி கேட்கிறார், ஆமாம், சத்தியத்தை மீறியதும் காரணம் என்று வருகிறது. உடனே ஒப்புக்கொள்கிறார்: அப்பா செய்த பாவம் பிள்ளையைச் சேரும், உண்மைதான், நாங்கள் செய்தோம். தவறு செய்த வேலைக்காரன் எஜமானிடம் வந்து ஒப்புக்கொண்டால் எஜமானின் மனம் ஆறாதா என்று கேட்கிறார். எனக்குத் தெரிந்து, செத்துப்போன தகப்பனுக்கு எதிராக இப்படி வழக்கு நடத்திய அரசர்கள் அதிகம் இல்லை.

வீட்டிலும் அமைதி இல்லை. மனைவி கஸ்ஸுலாவியா இறந்துபோனாள். அப்பாவின் பாபிலோனிய மனைவி, தாவனன்னா என்ற பட்டத்தரசிப் பதவியை வகித்த சிற்றன்னை, சாபமிட்டுக் கொன்றுவிட்டாள் என்று முர்சிலி நம்பினார். நடந்தது என்ன என்பதற்கு அவர் சொல்வது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. அந்த அம்மாளின் தரப்பைக் கேட்க வழியில்லை, அதையும் மனதில் வையுங்கள். குறி கேட்டார், கொல்லலாம் என்று வந்தது. கொல்லவில்லை. பதவியைப் பறித்து அரண்மனையைவிட்டு அனுப்பினார். இருக்க இடமும், ரொட்டியும் தண்ணீரும் கொடுத்தார். அதையும் ஒரு பிரார்த்தனையில் புலம்பலாகச் சொல்கிறார்: அவள் வெயிலைப் பார்க்கிறாள், ரொட்டி தின்கிறாள், எனக்குத் தண்டனை என் மனைவியின் சாவு, நாள்தோறும் என் உயிர் இருண்ட பூமிக்குள் இறங்கிப் போகிறது.