கம்பி போய் பேட்டரி வந்த கதை

அவைக்கு வணக்கம். மின்சாரப் பஸ் என்றால் நாளைய வண்டி என்று பேசுகிறோம். பினாங்குக்கு அது பழைய உறவு. 1906-இல் இங்கே மின்சார டிராம் ஓடியது. 1925-இல் மேலே மின்கம்பியைப் பிடித்துக்கொண்டு ஓடும் ட்ரோலி பஸ் வந்தது. 1936-இல் டிராமும் 1961-இல் ட்ரோலியும் விடைபெற்றன.

துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் பாட்டனார் ட்ரோலி பஸ்ஸைப் பற்றி ஒரே ஒரு குறைதான் சொல்வார்: சத்தமே இல்லாமல் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்குமாம்! இன்று ஐரோப்பாவில் மின்சார வண்டி மெதுவாகப் போகும்போது செயற்கையாக ஒலி எழுப்ப வேண்டும் என்று சட்டமே போட்டிருக்கிறார்கள். தாத்தா அன்றே சொல்லிவிட்டார்.

ட்ரோலிக்குக் கம்பி போன இடம்தான் வழி. டீசல் பஸ்ஸோ நினைத்த பக்கம் திரும்பும். அந்த வசதிக்கு விலை கொடுத்தவர்கள் நிறுத்தத்தில் காத்திருந்தவர்கள். டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் உறுதியாகவே வகைப்படுத்தியது.

இப்போது கம்பிக்குப் பதில் பேட்டரி. டீசல் பஸ் பிரேக் போடும்போது ஓட்டத்தின் சக்தி வெறும் சூடாகப் போய்விடும். மின்சாரப் பஸ்ஸில் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, அதில் ஒரு பங்கைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். ஆகவே நின்று நின்று போகும் சூலியா தெருவிலும், பாலிக் புலாவ் மலைச்சாலை இறக்கத்திலும் லாபம் அதிகம்.

"மின்சாரமும் நிலக்கரியிலிருந்துதானே வருகிறது?" என்பீர்கள். நம் நாட்டில் பெரும்பகுதி நிலக்கரியும் எரிவாயுவும்தான், மறுக்கவில்லை. ஆனால் மோட்டார் வீணாக்குவது குறைவு; புகைபோக்கியும் பள்ளிப் பிள்ளையின் மூக்கருகே இல்லை.

எனக்குக் கவலை வேறு. நம் வெயிலில் ஏர்கோன் ஓயாது. நெரிசலில் பஸ் நகராமல் நின்றாலும் அது பேட்டரியைத் தின்றுகொண்டே இருக்கும். கோலாலம்பூர் பக்கம் சன்வேயில் 2015-இல் மின்சாரப் பஸ்ஸுக்கென்றே 5.4 கிலோமீட்டர் மேம்பாலப் பாதை போட்டார்கள். நம் ஜோர்ஜ்டவுனில் பாலம் வேண்டாம், சாலையில் ஒரு தடத்தைப் பஸ்ஸுக்கு ஒதுக்கினாலே போதும்.

சரி, இங்கே பஸ்ஸில் வந்தவர்கள் கை தூக்குங்கள். நான்கு பேர். மற்றவர்கள் கொஞ்சம் வெளியே எட்டிப் பாருங்கள்; பஸ் நிற்கும் இடத்தில் இரண்டு கார் நிற்கிறது, யாருடையது?