கோணினால் ஒழுகும்

நேயர்களுக்கு வணக்கம்.

நான் கண்ணாடி ஊதுகிறவன். பல்கலைக்கழகத்தில் எங்களை கிளாஸ் புளோயர் என்பார்கள். வேதியியல் துறையின் பின்கட்டில் ஒரு மேசை, ஒரு பர்னர், இரண்டு சிலிண்டர்: ஒன்றில் ஆக்சிஜன், இன்னொன்றில் எல்.பி.ஜி. 28 வருடம் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன்.

துறைக்கு வருகிற விருந்தாளிகள் எட்டிப் பார்த்துவிட்டு, "ஒரு அன்னப்பறவை செய்து தாருங்களேன்" என்பார்கள். செய்யலாம், பத்து நிமிட வேலை. கழுத்து கொஞ்சம் கோணினாலும் அதுவும் ஒரு அழகு என்று வாங்கிக்கொண்டு போவார்கள். ஆனால் கண்டென்சர் கோணினால் தண்ணீர் ஒழுகும்.

கண்டென்சர் என்பது குழாய்க்குள் குழாய். உள்ளே ஆவி போகும், வெளிக்குழாயில் தண்ணீர் ஓடும், ஆவி குளிர்ந்து சொட்டும். அந்தக் காலத்தில் சாராயம் காய்ச்சியவர்களுக்கும் தெரிந்த சங்கதிதான். கடினமெல்லாம் இரண்டு குழாயும் ஒட்டுகிற இடத்தில் இருக்கிறது. அதை ரிங் சீல் என்போம்.

முதலில் உட்குழாயில் ஒரே இடத்தில் சூடுகாட்டி, சுற்றிலும் ஒரு விளிம்பு புடைக்க வைக்க வேண்டும், இடுப்பில் அரைஞாண் கட்டியது மாதிரி. வெளிக்குழாயின் நுனியை உருக்கி உருண்டையாக மூடிவிட்டு, அதன் நடுவில் சூடுகாட்டி ஊதினால், அந்த இடம் சோப்புக் குமிழியாக மெலிந்து உடையும். ஓட்டை கிடைத்துவிட்டது. உட்குழாய் ஆடாமல் நடுவில் நிற்க அட்டையைச் சுற்றி உள்ளே செருகி, அரைஞாண் போய் ஓட்டையின் விளிம்பில் உட்கார்ந்ததும், ஊசி மாதிரி சுடர் வைத்து இரண்டையும் உருக்கி ஒன்றாக்க வேண்டும்.

இவ்வளவும் நடக்கும்போது குழாய் நிற்காமல் சுழல வேண்டும். இடக்கையும் வலக்கையும் ஒரே வேகத்தில் உருட்ட வேண்டும். ஒரு கை முந்தினால் நடுவில் இளகிய கண்ணாடி முறுக்கு பிழிந்தது மாதிரி திருகிக்கொள்ளும். புதிதாகக் கற்க வருகிறவர்கள் முதல் சில மாதம் முறுக்குதான் சுடுவார்கள். பல்லிடுக்கில் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். கண்ணாடி உள்ளே அமுங்கினால் ஊத வேண்டும், புடைத்தால் நிறுத்த வேண்டும். நெஞ்சுக் காற்றெல்லாம் வேண்டாம், கன்னத்தில் இருக்கிற காற்றே போதும்.

நாங்கள் பயன்படுத்துவது போரோசிலிக்கேட் கண்ணாடி. 820 டிகிரி செல்சியஸ் வாக்கில் இளக ஆரம்பிக்கும். ஊதுகிற பதம் 1,200-க்கும் மேலே. தெர்மாமீட்டர் கிடையாது, சர்க்கரைப் பாகில் கம்பிப் பதம் பார்ப்பது மாதிரி கண்ணால்தான் பார்க்க வேண்டும். கண்ணாடி சூடானதும் மஞ்சளாக ஒளிரும், அது சோடியத்தின் வேலை. வெறுங்கண்ணுக்கு அந்த வெளிச்சம்தான் தெரியும், வேலை தெரியாது. அதற்கென்றே டிடிமியம் கண்ணாடி என்று ஒரு மூக்குக்கண்ணாடி உண்டு. போட்டதும் மஞ்சள் மறைந்து குழாய் தெளிவாகத் தெரியும். அதை முதன்முதலாகப் போட்ட நாளில் நான் பர்னரை அணைத்துவிட்டார்களோ என்று நினைத்தேன்.

சாதாரண பாட்டில் கண்ணாடியை இதோடு ஒட்ட முடியாது. சூட்டில் அது கிட்டத்தட்ட மூன்று மடங்கு விரியும். ஆறும்போது அதே கணக்கில் சுருங்கி ஒட்டைப் பிய்த்துவிடும். எது எந்தக் கண்ணாடி என்று சந்தேகம் வந்தால் ஒரு கிண்ணத்தில் கிளிசரின் ஊற்றி அதில் துண்டைப் போடுவேன். போரோசிலிக்கேட்டாக இருந்தால் கிட்டத்தட்ட கண்ணுக்கே தெரியாது. மாணவர்களுக்கு இது பெரிய மாயாஜாலம்.

சரி, ஒட்டியாகிவிட்டது. வேலை முடிந்ததா? நானும் அப்படித்தான் நினைத்தேன். சேர்ந்த புதிதில் ஒரு ஆராய்ச்சி மாணவர் அவசரம் என்று வாசலிலேயே நின்றார். பார்வைக்கு மாசுமறு இல்லாத கண்டென்சர். சூளையில் வைக்காமல் கொடுத்துவிட்டேன். அன்று இரவு அவர் தண்ணீர்க் குழாயைத் திறந்ததும், டப் என்று ஒரு சத்தம். ரிங் சீல் வட்டமாகக் கழன்று வந்துவிட்டது. மூன்று நாள் உழைப்பு மேசையில் ஓடியது. அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

கண்ணாடி ஆறும்போது வெளிப்பக்கம் முந்திக்கொள்ளும், உட்பக்கம் பிந்தும். அந்த இழுபறி உள்ளேயே தங்கிவிடும். 560 டிகிரியில் கொஞ்ச நேரம் வைத்து, ராத்திரி முழுக்க மெல்ல மெல்ல இறக்கினால்தான் அது தளரும். போலரைஸ்கோப் என்ற கருவியில் வைத்துப் பார்த்தால், இழுபறி இருக்கிற இடம் மட்டும் இருட்டில் பளிச்சென்று மின்னும். அதற்குப் பிறகு அதில் காட்டாமல் ஒரு பொருளையும் நான் வெளியே விட்டதில்லை.

எங்கள் தொழிலில் பெயர் வாங்கியவர்கள் குறைவு. 1857-இல் ஜெர்மனியின் பான் நகரத்தில், காற்றை உறிஞ்சிய குழாய்க்குள் மின்சாரம் விட்டு நிறநிறமாய் ஒளிரவைத்த ஹைன்ரிஷ் கைஸ்லர் கண்ணாடி ஊதுகிறவர்தான். அவர் பெயர் அந்தக் குழாய்க்கே நிலைத்துவிட்டது. எலெக்ட்ரான் என்றால் 1897, ஜே.ஜே. தாம்சன் என்று பள்ளிப் பிள்ளையும் சொல்லும். தாம்சனுக்குக் கைவேலை வராது. அவருக்குக் குழாய்களை ஊதிக் கொடுத்தவர் எபனேசர் எவரெட். நேயர்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருப்பீர்கள்?

ஓய்வுபெறுவதற்குச் சில மாதம் முன்பு ஒரு மாணவி பழைய கண்டென்சர் ஒன்றைப் பழுதுபார்க்கக் கொண்டுவந்தார். பக்கவாட்டில் தண்ணீர் போகிற மூக்கு உடைந்திருந்தது. எங்கே வாங்கியதென்று துறையில் யாருக்கும் தெரியவில்லையாம். நான் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துத் திருப்பினேன். கீழ் ரிங் சீலில் ஒரு பக்கம் கண்ணாடி மயிரிழை தடித்திருந்தது. ஆரம்பகாலத்தில் என் வலக்கை எப்போதும் கொஞ்சம் பிந்தும்.

"கழுவித்தானே கொண்டுவந்தாய்?" என்று கேட்டுவிட்டு பர்னரைப் பற்றவைத்தேன்.

நன்றி, வணக்கம்.