காற்று ஓய்ந்த ராத்திரிக்கு யார் பொறுப்பு?

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

தமிழ்நாட்டு மின்சாரத்தைத் தாங்கி நிற்பது கரியை எரிக்கும் அனல் மின்நிலையமா, காற்றாலையும் சூரிய மின்சக்தியுமா என்பது தலைப்பு. நான் அனல் மின்நிலையத்தின் பக்கம். எனக்கு முன்னால் பேசிய சகோதரி முப்பந்தல் காற்றாலைகளைக் காட்டினார், கமுதி சூரிய மின் நிலையத்தைக் காட்டினார். 10,000 மெகாவாட்டுக்கு மேல் காற்றாலை வைத்திருக்கிற மாநிலம் நம்முடையது என்றார். நீங்கள் கை தட்டினீர்கள், நானும் தட்டினேன். ஆனால் அந்தக் காற்றாலை எந்த மாதத்தில் சுற்றும், எந்த மாதத்தில் சும்மா நிற்கும் என்பதைச் சொல்லாமலே இறங்கிவிட்டார்.

நான் சொல்கிறேன். காற்று சீசன் மே கடைசியில் சூடு பிடித்து செப்டம்பரோடு அடங்கும். 2024-ல் நம் தேவை உச்சத்துக்குப் போனது எப்போது? மே 2-ஆம் தேதி, 20,830 மெகாவாட். முப்பந்தல் காற்றாலைகள் நிற்கிற ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று முழு வேகத்துக்கு வராத நேரம். சரி, வெயில்தான் கொளுத்துகிறதே என்பீர்கள். ஆறரை மணிக்குச் சூரியன் கடையைக் கட்டிவிடுகிறது. நாமோ அதற்கு அப்புறம்தான் வீட்டுக்கு வந்து ஏ.சி.யைப் போடுகிறோம்!

அந்த ராத்திரி முழுக்க நம்மைத் தூங்க வைப்பது வட சென்னையும் வல்லூரும் மேட்டூரும் நெய்வேலியும் தூத்துக்குடியுமாக இருக்கிற அனல் மின்நிலையங்கள்தான். ஒடிசாவில் தால்ச்சேரில் வெட்டிய கரி ரயிலில் பாரதீப் போய், கப்பலேறி எண்ணூரில் இறங்கி, கன்வேயரில் ஊர்ந்து, மாவாக அரைபட்டுக் கொதிகலனுக்குள் போகிறது. இந்த வேலை காற்றையும் வெயிலையும் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை.

2012 மின்வெட்டை மறந்துவிட்டோமா? சென்னைக்கு வெளியே இருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கோவைப் பட்டறைகளில் லேத் நின்றது. திருப்பூரில் டீசல் ஜெனரேட்டர் லாபத்தைக் குடித்தது. அப்போது நம்மிடம் காற்றாலை இல்லையா? சுமார் 7,000 மெகாவாட் இருந்தது, நாட்டிலேயே அதிகம். ஆனால் சீசன் முடிந்த அக்டோபரில் பல ஊர்களில் பவர் கட் பன்னிரண்டு மணி நேரத்தைத் தாண்டியது.

எதனால் தீர்ந்தது? புதிய அனல் மின்நிலையங்களால். வல்லூர் 1,500 மெகாவாட், வட சென்னை இரண்டாம் நிலை 1,200, மேட்டூரில் 600. 2012-க்கும் 2015-க்கும் இடையில் ஒவ்வொன்றாக ஓட ஆரம்பித்தன. 2013-இன் கடைசி நாளில் தென்னக மின் தொகுப்பு, அதாவது தென் மாநிலங்களை இணைக்கும் மின்கம்பி வலை, தேசியத் தொகுப்போடு இணைந்ததும் கைகொடுத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் நாட்டின் மின் உற்பத்தியில் பெரும்பங்கு கரியிலிருந்துதான் வருகிறது. அப்படியானால் அந்தக் கம்பி வழியே நமக்கு வந்தது என்ன மின்சாரம்?

எண்ணூர்ப் பக்கம் கொசஸ்தலை ஆற்றில் கலந்த அனல் மின்நிலையச் சாம்பலைப் பற்றி எதிரணியினர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. குழாய் உடைந்து சாம்பல் குழம்பு ஓடியது உண்மை, எண்ணூர் மீனவர்கள் பட்ட பாடும் உண்மை. மழுப்ப நான் வரவில்லை. 2015-ல் ஆலைப் புகையில் வரும் கந்தக வாயுவுக்கு வரம்பு விதித்துவிட்டுக் கெடுவைத் தள்ளித் தள்ளி வைத்தவர்கள்மேல் எனக்கும் கோபம் உண்டு. அது ஆலையை ஒழுங்காக நடத்தச் சொல்லிச் சண்டை போட வேண்டிய விஷயம். நம்மைத் தாங்கி நிற்பது எது என்ற கேள்விக்கு அது பதிலாகாது. பழையதைக் கட்டிக்கொண்டு அழவும் நாங்கள் சொல்லவில்லை. எண்ணூர் பழைய நிலையத்தை 2017-ல் மூடினார்கள். 1962-ல் ஓட ஆரம்பித்த நெய்வேலி முதல் நிலையத்தை 2020-ல் மூடினார்கள். யாரும் அழவில்லை.

பேட்டரி வந்துவிடும் என்கிறார்கள். வரட்டும், மாலை போட்டு வரவேற்போம். நாலு மணி நேரம் தாங்கும் பேட்டரி ஒரு சாயங்காலத்தைக் கடத்திவிடும். ஐப்பசி அடைமழையில் நாலு நாள் சூரியனைக் காணோம், காற்று சீசனும் முடிந்தாயிற்று. அந்தப் பேட்டரியை எதை வைத்து சார்ஜ் போடுவது? எதிரணியில் யாரோ 'காடம்பாறை, காடம்பாறை' என்று முணுமுணுப்பது கேட்கிறது. தண்ணீரை மேலே ஏற்றி வைத்து வேண்டும்போது இறக்குகிற அருமையான நிலையம்தான். ஆனால் ஐயா, அது 400 மெகாவாட்!

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார், முடித்துவிடுகிறேன். அடுத்து வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். 7,000 மெகாவாட் காற்றாலையைக் கையில் வைத்துக்கொண்டு, 2012 அக்டோபரில் நாம் ஏன் விசிறியும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம்? முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும், மற்றதை அப்புறம் பேசட்டும். நன்றி, வணக்கம்.