முடியாத நாளில் தாங்குவது விசுவாசமே

நடுவர் அவர்களே, அவையோரே, இயேசுவின் நாமத்தில் வணக்கம்.

நல்ல சிந்தனை மனதில் நிலைப்பது மனப்பயிற்சியாலா, விசுவாசத்தாலா? இதுதான் இன்றைய கேள்வி. எனக்கு முன் பேசிய எதிரணிச் சகோதரி, தினமும் காலையில் 'என்னால் முடியும்' என்று சொல்லிப் பழகினாலே மனம் தெளிந்துவிடும் என்றார். முடிகிற நாளில் சரி, சகோதரி. முடியாத நாளில் எதைச் சொல்வது?

வேதாகமத்தில் எலியாவைப் பாருங்கள். கர்மேல் மலையில் வானத்து அக்கினி இறங்கக் கண்ட தீர்க்கதரிசி அவர். யேசபேல் ராணியின் ஒரே ஒரு மிரட்டலில் உடைந்துபோய் வனாந்தரத்துக்கு ஓடுகிறார். சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, 'போதும் கர்த்தாவே' என்று சாவைக் கேட்கிறார். தேவன் அவரைக் கண்டித்தாரா? இல்லை. தூங்கவிட்டார். தூதனை அனுப்பித் தட்டியெழுப்பி, தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடியும் தூக்கம், மறுபடியும் சாப்பாடு. ஓரேப் மலைக்குப் போய்ச் சேர்ந்த பிறகுதான் பேச்சே. அங்கேயும், 'இங்கே உனக்கு என்ன காரியம்?' என்று கேட்டு, அவர் மனக்குறையைக் கொட்டித் தீர்க்க விடுகிறார். இதைப் படித்த பிறகும், மனச்சோர்வுக்கு மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்று சிலர் சொல்லும்போது எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

துக்கத்தை மூடிவைத்துச் சிரிக்கச் சொல்லவில்லை எங்கள் அணி. வேதாகமத்தின் 42ஆம் சங்கீதத்தைப் பாடியவன், கண்ணீரே எனக்கு உணவாயிற்று என்று முதலில் அழுதுவிடுகிறான். அதன் பிறகுதான் 'என் ஆத்துமாவே, நீ ஏன் கலங்குகிறாய்?' என்று தன்னையே கேட்கிறான். பதிலையும் தன் பலத்தில் தேடவில்லை. தேவனை நோக்கிக் காத்திருக்கச் சொல்கிறான். அப்போஸ்தலன் பவுலும் அப்படித்தான். விலங்கு பூட்டிய நிலையில் பிலிப்பி பட்டணத்து விசுவாசிகளுக்கு எழுதுகிறார். எவற்றைச் சிந்திக்க வேண்டும் என்று அடுக்கும்போது அவர் முதலில் வைப்பது உண்மையுள்ளவற்றை.

இது பழங்கதை என்பீர்களானால், நம் திருநெல்வேலிச் சீமைக்கே வாருங்கள். டோனாவூரில் ஆதரவற்ற பிள்ளைகளை எடுத்து வளர்த்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் கீழே விழுந்து அடிபட்டார். 1951இல் கண்மூடும்வரை பெரும்பாலும் ஒரே அறை, தீராத வலி. அந்த அறையிலிருந்துதான் எழுதினார், ஜெபித்தார், பிள்ளைகளுக்கு அம்மாவாக இருந்தார். ஏறக்குறைய 20 ஆண்டுகள்! 'என்னால் முடியும்' என்ற சொல் அந்தப் படுக்கையில் எத்தனை நாள் தாங்கியிருக்கும்? எதிரணியில் அடுத்துப் பேச வருபவர் இதற்குப் பதில் சொல்லிவிட்டு மேலே பேசட்டும், நடுவர் அவர்களே.