எந்த ஆந்திரீவ்கா?

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய கூட்டத் தலைவர் அவர்களே, ஞாயிற்றுக்கிழமையிலும் நமக்காக நூலகத்தைத் திறந்து வைத்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் மூத்த பத்திரிகையாளர் அண்ணன் அவர்களே, உக்ரைனில் மருத்துவம் படிக்கப் போய் 2022இல் போரின் நடுவே வீடு திரும்பிய மாணவச் செல்வங்களே, அவர்களுடைய பெற்றோர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

வார்டு உறுப்பினர் அவர்கள் வாழ்த்துரை வழங்கிவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் புறப்பட்டுவிட்டார். வாசிப்பறைக்குப் புது நாற்காலிகள் வாங்கித் தருவதாக இந்த மேடையிலேயே வாக்குக் கொடுத்திருக்கிறார். அவருக்கு வட்டத்தின் சார்பில் நன்றி. முன்வரிசையில் நம்முடைய புவியியல் ஆசிரியர் ஐயா உட்கார்ந்திருக்கிறார். வரைபடத்தில் ஓர் ஊரைக் காட்டச் சொன்னால், ஊரைத் தொட்டால் போதாது, அது எந்த ஆற்றங்கரை, எந்த மாவட்டம் என்று சொன்ன பிறகுதான் உட்கார விடுவார். இன்று நான் பேசப்போவது அவர் சொல்லிக்கொடுத்த பாடம்தான். செயலாளர் எனக்குப் போர்த்திய பொன்னாடையை ஐயாவுக்குப் போர்த்த அனுமதி கேட்கிறேன். நன்றி ஐயா.

தலைப்பு: உக்ரைனில் ஒரே பெயரில் பல ஊர்கள். நான்கு செய்திகள் சொல்ல நினைக்கிறேன். அந்தப் பெயர்கள் எப்படி வந்தன, ஆட்சி மாறும்போது எப்படி மாறின, அரசாங்கம் அவற்றை எப்படிப் பிரித்து அறிகிறது, வெளியிலிருந்து குடியேறியவர்கள் என்ன பெயர்களைக் கொண்டுவந்தார்கள் என்பவை அவை.

எந்த மேடையில் ஏறினாலும் நான் சொல்லும் பழமொழி ஒன்று உங்களுக்குத் தெரியும். வாயிருந்தால் வங்காளம் போகலாம். உக்ரைன்காரர்களும் இதையே சொல்கிறார்கள். நாக்கு கீவ் நகரம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கும் என்பது அவர்கள் பழமொழி. கீவ் போகலாம், சரி. இவானிவ்கா போக முடியுமா? அந்த நாட்டில் இவானிவ்கா என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்கள் இருக்கின்றன.

இவான் பெயரில் இவானிவ்கா. அப்படியே மிகோலாயிவ்கா, மிகைலிவ்கா, ஒலெக்சாந்திரிவ்கா, வசிலிவ்கா, பெத்ரிவ்கா. எல்லாம் ஆட்களின் பெயர், அல்லது அந்த ஊர்க் கோயில் புனிதரின் பெயர். தெற்கே பரந்து கிடக்கும் புல்வெளிச் சமவெளியில்தான் இவை அதிகம். 1775இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின் சப்போரோஷியக் கொசாக்குகள் என்ற போர்வீரக் குடிகளின் கோட்டையை அழித்தார். அப்புறம் அந்த நிலத்தைப் படைத்தளபதிகளுக்கும் பிரபுக்களுக்கும் வாரிக் கொடுத்தார்கள். நிலம் பெற்றவர் குடியானவர்களைக் கொண்டுவந்து குடிவைத்தார். தன் பெயரையோ மகன் பெயரையோ ஊருக்கு வைத்தார். பக்கத்து நிலக்காரருக்கும் இவான் என்றே பெயர் இருந்தால் அவர் என்ன செய்வார்? அவரும் இவானிவ்கா என்றுதான் வைத்தார்.

மரத்தின் பெயரில் வந்தவை உண்டு: பிர்ச் மரத்துக்கு பெரெசிவ்கா, லிண்டன் மரத்துக்கு லிபிவ்கா. புதுக்குடியிருப்பு என்ற பொருளில் நோவொசெலிவ்கா, நோவொசில்கா. பெரிய நகரங்களுக்கும் இரட்டை உண்டு. கருங்கடல் பக்கம் கப்பல் கட்டும் மிகோலாயிவ் நகரம் செய்திகளில் வருவது. ல்விவ் மாகாணத்தில் இன்னொரு சின்ன மிகோலாயிவ் இருக்கிறது. பெரிய, சின்ன, பழைய, புதிய என்று அடைமொழி சேர்த்துப் பார்த்தார்கள். அதற்கும் ஜோடி வந்துவிட்டது. வெலிகா ஒலெக்சாந்திரிவ்கா, அதாவது பெரிய ஒலெக்சாந்திரிவ்கா, கெர்சோன் மாகாணத்தில் ஒன்று, கீவுக்குப் பக்கத்தில் ஒன்று.

இந்த இடத்தில் ஒரு கதை சொல்ல வேண்டும். இது இந்தக் கூட்டத்தில் இருக்கும் ஒரு டாக்டர் பெண் எனக்குச் சொன்னது. பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.

வின்னித்ஸியா நகரத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, கூடப் படித்த உக்ரைன் பெண் விடுமுறைக்குத் தன் பாட்டி ஊருக்கு வரச் சொல்லியிருக்கிறாள். ஊர் பெயர் மிகைலிவ்கா. இந்தப் பெண் பேருந்து நிலையத்துக்குப் போய் மிகைலிவ்காவுக்கு டிக்கெட் கேட்டிருக்கிறாள். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அம்மா, "எந்த மிகைலிவ்கா?" என்று கேட்டாள். இவள் தெளிவாக, "வின்னித்ஸியா மாகாணத்து மிகைலிவ்கா" என்றாள். அந்த மாகாணத்துக்குள்ளேயே அந்தப் பெயரில் பல ஊர்கள் இருப்பது இவளுக்கு எப்படித் தெரியும்? வரிசையில் பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்த, அடுத்து எந்த வண்டி இருந்ததோ அதற்கு டிக்கெட் வந்துவிட்டது. மர்ஷ்ருத்கா என்று சொல்லும் மினிபஸ்ஸில் ஏறி, சாயங்காலம் ஊர் போய் இறங்கினாள்.

இறங்கினால் ஒரு கோயில், ஒரு கிணறு, வேலிக்கு வெளியே வாத்துக் கூட்டம். போனில் சார்ஜ் இல்லை. வீட்டு வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "யாரைத் தேடி வந்திருக்கிறாய் கண்ணு?" என்று கேட்டிருக்கிறாள். இவள் தோழியின் குடும்பப் பெயரைச் சொன்னாள். பாட்டி எழுந்து கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனாள். அந்தக் குடும்பப் பெயரில் அந்த ஊரிலும் வீடு இருந்தது! கதவைத் தட்டினால், எங்கள் வீட்டில் மருத்துவம் படிக்கும் பெண் யாருமில்லையே என்றார்கள். அடுத்த தெருவில் அதே பெயரில் இன்னொரு வீடு. அங்கே பேத்தி உண்டு. ஆனால் அவள் போலந்தில் வேலை பார்க்கிறாள். இதற்குள் பின்னாலேயே பாதி ஊர் சேர்ந்துவிட்டது.

முதலில் சாப்பிடு என்று சொல்லி போர்ஷ் சூப்பும் உருளைக்கிழங்கு வைத்த வரேனிக்கி என்ற கொழுக்கட்டையும் கொடுத்திருக்கிறார்கள். இவள் சாப்பிடச் சாப்பிட, சுற்றி நின்றவர்கள் அது எந்த மிகைலிவ்காவாக இருக்கும் என்று வாதாடினார்கள். என் தங்கையைக் கட்டிக்கொடுத்த மிகைலிவ்கா ஒன்று உண்டு என்றார் ஒருவர். சர்க்கரை ஆலைக்குப் பக்கத்தில் ஒன்று என்றார் இன்னொருவர். ஒரு தாத்தா விரல் விட்டு எண்ணிக்கொண்டே இருந்தார். கடைசியில் அந்தப் பாட்டிதான் கேட்டாள்: "உன் தோழியின் பாட்டி சந்தைக்கு எந்த ஊருக்குப் போவாளாம்?"

அது இவளுக்கு ஞாபகம் இருந்தது. சந்தையில் பாட்டி வெண்ணெய் விற்ற கதையைத் தோழி விடுதியில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறாள். சந்தை ஊரின் பெயரைச் சொன்னதும் எல்லோரும் ஒரே குரலில், "ஓ, அந்த மிகைலிவ்காவா!" என்றார்கள். பாட்டியின் மகன் தன் பழைய லாடா காரை எடுத்து, ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுபோய் விட்டுவந்தார். 2022இல் போர் தொடங்கி இந்தப் பெண் எல்லையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோது, தோழியின் பாட்டி போன் செய்தார். வழிதவறிப் போன அந்த மிகைலிவ்காவின் பாட்டியும் போன் செய்து, சாப்பிட்டாயா என்று கேட்டாராம்.

கைதட்டல் அந்தப் பாட்டிக்குப் போய்ச் சேரட்டும். வாயிருந்தால் வங்காளம் போகலாம் என்பது இங்கே நடந்துவிட்டது. ஆனால் எப்போது நடந்தது? "எந்தச் சந்தை?" என்று கேட்ட பிறகுதான். உக்ரைன் அரசாங்கம் 2020இல் செய்ததும் அதுதான். ஒவ்வோர் ஊருக்கும் ஒரு குறியீடு கொடுத்தது: யு, ஏ என்ற இரண்டு எழுத்து, பின்னால் 17 இலக்கம். மாகாணம், மாவட்டம், அதற்குக் கீழே ஹ்ரொமாதா என்ற உள்ளாட்சி வட்டம், ஊர் என்று வரிசையாக அதில் இருக்கும். அதே ஆண்டு 490 மாவட்டங்களை 136 ஆகக் குறைத்தார்கள். பல மாவட்டங்கள் ஒன்றாகச் சேர்ந்ததால், வெவ்வேறு மாவட்டத்தில் இருந்த இரண்டு இவானிவ்கா ஒரே மாவட்டத்துக்குள் வந்துவிட்டது. இப்போது ஹ்ரொமாதா பெயரையும் சேர்த்துச் சொன்னால்தான் தெரியும்.

பெயர் மாற்றத்துக்கு வருகிறேன். சோவியத் காலத்தில் லெனின் பெயரில், கட்சித் தலைவர் கீரோவ் பெயரில், அக்டோபர் புரட்சியின் பெயரில், மே முதல் தேதியின் பெயரில் ஊர்கள் வரிசையாக முளைத்தன. அதைவிடக் கொடுமை கிரிமியாவில் நடந்தது. 1944 மே 18 அன்று அங்கத்திய பூர்வகுடிகளான கிரிமியத் தாத்தார்களை ஒரே மூச்சில் நாடுகடத்தத் தொடங்கினார்கள். அதன் பின் 1944 முதல் 1948 வரை ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஊர்களின் தாத்தார் பெயர்களை அழித்துவிட்டு, திராட்சையூர், தோட்டத்தூர், அமைதியூர் என்ற பொருளில் எங்கும் பொருந்துகிற பெயர்களை ஒட்டினார்கள். ஒரு கிரிமியத் தாத்தார் தன் தாத்தாவின் ஊரைத் தேடினால் வரைபடத்தில் கிடைக்காது. இவானிவ்காக்கள் ஒன்றுபோல் இருப்பது பழக்கத்தால் வந்தது. கிரிமியாவில் நடந்தது மக்களின் நினைவை அழிக்கவென்றே செய்தது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

2015இல் உக்ரைன் கம்யூனிச ஆட்சிக்காலப் பெயர்களை நீக்கச் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டுக்குள் ஆயிரத்தை நெருங்கும் ஊர்களின் பெயர் மாறியது. லெனின் போன இடத்தில் பழைய புனிதர்கள் திரும்பி வந்தார்கள்; அதனால் ஒரே பெயர் மறுபடி பெருகியது. 2016இல் தோனெத்ஸ்க் மாகாணத்தில் செஞ்சேனையின் பெயர் கொண்ட கிராஸ்னோஆர்மிய்ஸ்க் என்ற நகரம் பொக்ரோவ்ஸ்க் ஆனது. அதே ஆண்டில் பக்கத்து த்னிப்ரோபெத்ரோவ்ஸ்க் மாகாணத்தில் சோவியத் தலைவர் ஒருவரின் பெயர் கொண்ட ஓர்ஜோனிகித்ஸே என்ற நகரம் பொக்ரோவ் ஆனது. அந்த மாகாணத்திலேயே பொக்ரோவ்ஸ்கே என்று ஒன்று முன்பே இருக்கிறது. மூன்றுமே பொக்ரோவா என்ற மாதா திருநாளின் பெயர். 2024 செப்டம்பரில் இன்னும் முந்நூறுக்கும் மேற்பட்ட ஊர்களுக்குப் பெயர் மாற்றினார்கள்.

இதையெல்லாம் இங்கே வந்து ஏன் சொல்கிறேன் என்று கேட்கலாம். ஆந்திரீவ்கா என்ற ஒரே பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். 2022 மார்ச்சில் கீவ் மாகாணத்தில், பொரொத்யாங்கா அருகே ரஷ்யப் படை பிடித்துவைத்திருந்தது ஓர் ஆந்திரீவ்கா. 2023 செப்டம்பரில் தோனெத்ஸ்க் மாகாணத்து பாக்முத் நகரத்துக்குத் தெற்கே, சுவர்கூட மிஞ்சாத நிலையில் உக்ரைன் படை மீட்டது இன்னோர் ஆந்திரீவ்கா. 2025 தொடக்கத்தில் அதே மாகாணத்தில் குராகோவே நகருக்கு மேற்கே சண்டை நடந்தது வேறோர் ஆந்திரீவ்கா. அதே ஆண்டு ஜூனில் சுமி மாகாணத்தில், எல்லையோரத்தில் மீட்டதாக அறிவித்தது மற்றோர் ஆந்திரீவ்கா. நான்கும் வேறு வேறு ஊர்.

நம் தமிழ்ச் செய்திகளில் நான்கும் "உக்ரைனின் ஆந்திரீவ்கா கிராமம்" என்றே வருகின்றன. பாக்முத் பக்கத்து ஊரைப் பற்றிய செய்திக்கு, கீவ் பக்கத்து ஊரின் படத்தைப் போட்ட ஒரு நாளிதழுக்கு நான் கடிதம் எழுதினேன். பதில் இல்லை, திருத்தமும் வரவில்லை. ஓர் ஊரில் செத்தவர்களின் படம் இன்னோர் ஊரின் செய்தியில் வருகிறது. அங்கே படித்த நம் பிள்ளைகள் தங்கள் தோழியின் ஊர்தானோ என்று இரவெல்லாம் போன் செய்து தவித்ததை நான் நேரில் கேட்டிருக்கிறேன்.

ஆகவே மூத்த பத்திரிகையாளர் அண்ணன் முன்னால் என் கோரிக்கையை வைக்கிறேன். உக்ரைன் கிராமம் எதன் பெயர் வந்தாலும், முதல் முறை எழுதும்போது மாகாணத்தையும் பக்கத்து நகரத்தையும் சேர்த்து எழுதுங்கள். "பாக்முத் அருகிலுள்ள ஆந்திரீவ்கா, தோனெத்ஸ்க் மாகாணம்" என்றால் போதும். கூடுதலாகப் பிடிப்பது ஒரு வரிதான். ரஷ்ய உச்சரிப்பையும் உக்ரைன் உச்சரிப்பையும் கலக்காதீர்கள். ஒரு பத்தியில் நிகொலாயெவ்கா, அடுத்த பத்தியில் மிகோலாயிவ்கா என்று எழுதினால், படிப்பவர் அதை இரண்டு ஊர் என்றுதான் நினைப்பார். உக்ரைன் ஊருக்கு உக்ரைன் உச்சரிப்பே இருக்கட்டும்: கார்கிவ், கீவ், ஒடேசா. வாயிருந்தால் வங்காளம் போகலாம். ஆனால் அச்சடித்த செய்தியிடம் வாசகர் திருப்பிக் கேட்க முடியாது. எழுதுகிறவர்தான் முன்கூட்டிச் சொல்ல வேண்டும்.

ஜெர்மானியரும் ஸ்வீடியரும் தெற்கு உக்ரைனில் குடியேறியபோது தங்கள் ஊர்ப் பெயர்களைக் கொண்டுவந்தது பற்றியும் சொல்ல இருந்தேன். செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். அதை இன்னொரு கூட்டத்துக்கு வைத்துக்கொள்வோம்.

செய்தி அறைகளுக்காக ஒரு பட்டியல் தயாராகிக்கொண்டிருக்கிறது. ஊர், மாவட்டம், மாகாணம் என்று மூன்று பத்தி. அங்கே படித்துவிட்டு வந்த மாணவர்கள் நீங்கள் தங்கிய ஊர், நண்பர்களின் ஊர் எல்லாவற்றையும் உச்சரிப்போடு எழுதிக் கொடுங்கள். வாசலில் நூலகர் அம்மாவின் மேசை மேல் படிவம் இருக்கிறது. பத்திரிகைகளுக்கு அனுப்பும் கடிதமும் அங்கேயே இருக்கிறது. சம்மதம் உள்ளவர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகும்படி கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.