கடலோரப் பள்ளியில் பிள்ளைகளை வளர்ப்பது படிப்பா? பணியா? – பணியே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவை நிறைந்திருக்கும் பெரியோர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம்.

"கடலோரச் சிறு உறைவிடப் பள்ளியில் மாணவரைப் பெரிதும் வளர்ப்பது படிப்பா? பணியா?" இதுதான் இன்றைய தலைப்பு. பணியே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி அம்மையார் பணி என்பதை அறை பெருக்குவது, தட்டுக் கழுவுவது என்று சுருக்கிவிட்டார். அவையும் பணிதான், மறுக்கவில்லை. ஆனால் கடலோரப் பள்ளியில் அதற்கும் மேலே ஒன்று இருக்கிறது. கரையில் காவல் நிற்பது, படகையும் உயிர்காப்பு உடுப்புகளையும் எந்த நேரமும் தயாராக வைத்திருப்பது, வானிலையையும், கடல் நீர் ஏறி இறங்கும் ஓதத்தையும் பார்த்து எழுதுவது, தண்ணீரில் தத்தளிப்பவரை மீட்கப் பழகுவது. ஒரு மாணவன் செய்யாமல் விட்டால் இன்னொருவர் உயிருக்கே ஆபத்து வரக்கூடிய வேலை. அந்தப் பணியைத்தான் நான் பேசுகிறேன்.

அம்மையார் மூன்று குற்றச்சாட்டு வைத்தார். பணியால் மதிப்பெண் குறையும். கடல் ஆபத்தானது. வீட்டைப் பிரிந்து ஏங்கும் பிள்ளை மேல் வேலையையும் சுமத்துவது கொடுமை. மூன்றுக்கும் வருகிறேன் நடுவர் அவர்களே. முதலில் தலைப்பில் இருக்கும் 'சிறு' என்ற சொல்லை அவர் தொடாமலே கடந்து போனதைச் சொல்ல வேண்டும்.

ஆயிரக்கணக்கானோர் படிக்கும் பள்ளியில் ஒருவன் வராவிட்டால் வருகைப் பதிவேட்டில் ஒரு குறி விழும், அவ்வளவுதான். சிறிய பள்ளியில் அப்படியில்லை. அட்லாண்டிக் 21 என்று ஒரு மீட்புப் படகு இருந்தது; அதைச் செலுத்த மூன்று பேர் வேண்டும். அந்த மூன்று பேரில் ஒருவன் தூங்கிவிட்டால் மற்ற இருவரும் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். பதினாறு வயதில் "நீ இல்லாவிட்டால் இந்தப் படகு இறங்காது" என்று ஒருவரிடம் உண்மையாகச் சொல்ல முடிகிற இடம் உலகத்தில் எத்தனை இருக்கிறது? வகுப்பில் பின்வரிசைக்குப் போய் ஒளிந்துகொள்ளலாம். மூன்று பேர் படகில் பின்வரிசையே கிடையாது.

படகிலிருந்து ஒருவர் தவறி விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு பயிற்சி உண்டு. ஒருவர் சத்தம் போட்டு எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும். ஒருவர் படகைத் திருப்ப வேண்டும். இன்னொருவருக்கு ஒரே ஒரு வேலை: விழுந்தவரை நோக்கிக் கையை நீட்டியபடி, கண்ணை எடுக்காமல் நிற்க வேண்டும். அலைகளுக்கு நடுவே ஒரு தலை மிகச் சிறியது. ஒரு கணம் பார்வை விலகினாலும் மறுபடி கண்டுபிடிப்பது கடினம். அதனால் அவர் கயிறு எடுக்கக் குனியக் கூடாது, ஓட்டுபவருக்கு யோசனை சொல்லத் திரும்பக் கூடாது, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த வேலைக்கு உடல் வலிமை தேவையில்லை. நீச்சல் போட்டியில் கடைசியாக வந்த பிள்ளையும் செய்யலாம், கணக்கில் தோற்ற பிள்ளையும் செய்யலாம். இன்னொரு மனிதர் மேல் முழுக் கவனத்தையும் வைப்பது என்றால் என்ன என்று உடம்புக்கே தெரிய வைக்கும் ஒரு பாடத்தை எந்தக் கரும்பலகையில் எழுதிக் காட்ட முடியும், நடுவர் அவர்களே?

இது என் கற்பனை இல்லை, வரலாறு இருக்கிறது. 1886-இல் பெர்லினில் பிறந்தவர் குர்ட் ஹான் என்ற கல்வியாளர். 1920-இல் ஜெர்மனியில் சாலெம் என்ற உறைவிடப் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவர். யூதர். ஹிட்லரை வெளிப்படையாக எதிர்த்துப் பேசினார். 1933-இல் சிறை வைக்கப்பட்டார். வெளியே வந்ததும் பிரிட்டனுக்குப் போனார். மறு ஆண்டே ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கடலோரத்தில் கோர்டன்ஸ்டன் பள்ளியைத் தொடங்கினார். நாடு இழந்து, உருவாக்கிய பள்ளியை இழந்து வந்த அந்த மனிதர் புதிய பள்ளியில் படகோட்டக் கற்றுக்கொடுத்தார், மாணவர்களைக் கடலோரக் காவலில் நிறுத்தினார். போர் வெறி இளைஞர்களை எப்படி இழுத்துப் போகிறது என்று நேரில் பார்த்தவர் அவர். அதைவிட வலுவாக ஓர் இளைஞனின் மனத்தை எழுப்பக்கூடியது உயிரைக் காப்பாற்றும் பணி ஒன்றுதான் என்று நம்பினார். அந்த நம்பிக்கை என்னை இன்றும் உலுக்குகிறது. ஒரு தலைமுறை கூட்டமாகக் கொடிபிடித்து ஓடியதைக் கண்ட ஆசிரியர், அதற்கு மருந்தாக இன்னும் நல்ல பாடநூலைத் தேடவில்லை. பிள்ளைகள் கையில் கயிற்றையும் துடுப்பையும் கொடுத்தார்.

அவருடைய எண்ணத்தில் பிறந்த இன்னொரு பள்ளி அட்லாண்டிக் கல்லூரி. பெயர் கல்லூரி, நடப்பது பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுப் படிப்பு. 1962-இல் தெற்கு வேல்ஸ் கரையில் பழைய கோட்டை ஒன்றில் தொடங்கியது. முதல் தலைமையாசிரியர் டெஸ்மண்ட் ஹோர், ஓய்வுபெற்ற கடற்படை உயரதிகாரி. அங்கே பாய்மரப் படகு பழகும் மாணவர்களுக்குத் துணையாகக் காற்றடைத்த ரப்பர் படகுகள் போகும். கரையில் இழுத்து ஏற்றி இறக்கி, அந்தப் படகுகளின் அடித்துணி தேய்ந்து கிழிந்தது. இன்றைக்கு என்றால் புதிதாக வாங்கித் தரச் சொல்லிக் கடிதம் எழுதியிருப்போம். அவர்களோ அடியில் ஒட்டுப்பலகையைப் பொருத்திப் பார்த்தார்கள். படகு உறுதியானது, வேகமும் கூடியது. மாணவர்களும் தலைமையாசிரியரும் ஒரே பட்டறையில் வடிவத்தை மாற்றி மாற்றிக் கட்டினார்கள். அடிப்பக்கம் கெட்டியாகவும் பக்கங்கள் காற்றடைத்த குழாயாகவும் இருக்கும் அந்தப் படகைத்தான் இன்று உலகெங்கும் கடலோரக் காவல் படைகளும் மீட்புக் குழுக்களும் ஓட்டுகின்றன. அதன் காப்புரிமையைப் பிரிட்டனின் தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனத்துக்கு ஒரு பவுண்டுக்குக் கொடுத்துவிட்டார் ஹோர். நான் சற்று முன் சொன்ன அட்லாண்டிக் 21 படகுக்கு அந்தப் பெயர் வந்தது இந்தப் பள்ளியால்தான்.

அம்மையார் கேட்டார், "பணியில் என்ன அறிவு வளர்கிறது?" என்று. இதைவிட என்ன பதில் சொல்ல? தேய்ந்துபோன படகின் அடியைக் குனிந்து பார்த்தவர்களுக்குப் பிறந்த அறிவு இது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னதை அந்தப் பிள்ளைகள் மெய்ப்பித்துக் காட்டினார்கள்.

அதே கரையில் 1963 முதல் 2013 வரை உயிர்காப்புப் படகு நிலையம் ஒன்று இயங்கியது. படகில் போனவர்களில் மாணவர்கள் இருந்தார்கள். 1969-இல் நார்வேயிலிருந்து வந்து படித்த 18 வயது மாணவி எலிசபெத் ஹோஸ்ட்வெட், தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனத்தின் கரையோர மீட்புப் படகைத் தலைமையேற்று நடத்தத் தகுதி பெற்ற முதல் பெண் ஆனார். 1824-இலிருந்து நடக்கும் நிறுவனம் அது. ஒன்றரை நூற்றாண்டுப் பழக்கத்தை உடைத்தது ஒரு பள்ளி மாணவி! பெண்களால் முடியுமா என்று எத்தனை கட்டுரைப் போட்டி நடத்தினாலும் இந்தப் பதிலைப் பெற்றிருக்க முடியாது.

சரி, மதிப்பெண்ணுக்கு வருகிறேன். பணி செய்தால் படிப்பு கெடும் என்றார்களே, பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கான சர்வதேச பாக்கலோரியட் என்ற பட்டயப் படிப்பை 1971-இல் முழுமையாக ஏற்றுக்கொண்டது இதே அட்லாண்டிக் கல்லூரிதான். அந்தப் பட்டயத்தை வாங்க இன்றைக்கும் தேர்வு எழுதினால் மட்டும் போதாது. படைப்பு, உடற்செயல்பாடு, சேவை மூன்றும் செய்திருக்க வேண்டும். பணி படிப்பின் பகைவன் என்றால், பல்கலைக்கழகங்கள் மதிக்கும் ஒரு படிப்பு அதைத் தன் நிபந்தனையாகவே ஏன் வைக்க வேண்டும்?

கனடாவின் வான்கூவர் தீவில் 1974-இல் திறந்த பியர்சன் கல்லூரியும் அட்லாண்டிக் கல்லூரியின் பள்ளிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதுவும் சிறிய பள்ளிதான். அருகே நீரோட்டம் வேகமாக ஓடும் ரேஸ் ராக்ஸ் என்ற பாறைத் தீவுகள், 1860-இல் ஏற்றிய கலங்கரை விளக்கம், கடற்சிங்கங்கள், சீல்கள். அங்கே நீருக்குள் மூழ்கி உயிரினங்களைக் கணக்கெடுத்த மாணவர்களும் ஆசிரியர்களும் இதைக் காப்பாற்ற வேண்டும் என்று அரசிடம் முறையிட்டார்கள். 1980-இல் அது சூழலியல் காப்பகம் ஆனது. இப்போது சொல்லுங்கள், அது உயிரியல் பாடமா, பணியா? பாடம்தான் என்று எதிரணி உரிமை கொண்டாடும். நான் கேட்கிறேன்: அந்தக் கடலைக் காப்பாற்ற வேண்டும் என்ற பொறுப்பு இல்லாமல் போயிருந்தால், அந்தக் கணக்கெடுப்பு ஒரு செய்முறைக் குறிப்பேட்டில் மதிப்பெண் வாங்கி, அலமாரியில் தூங்கியிருக்காதா?

ஆபத்து பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடல் ஆபத்தானதுதான். அட்லாண்டிக் கல்லூரி நிற்கும் பிரிஸ்டல் கால்வாய், உலகிலேயே ஓத ஏற்றத்தாழ்வு மிக அதிகமான இடங்களில் ஒன்று. குளிர்ந்த நீரில் திடீரென விழுந்தால் மூச்சுத் திணறும்; முதல் நிமிடம் நீந்தப் போராடாமல் மிதந்து மூச்சைச் சீராக்க வேண்டும். கரையிலிருந்து உள்ளே இழுக்கும் நீரோட்டத்தில் சிக்கினால் அதை எதிர்த்து நீந்தாமல் கரைக்கு இணையாக நீந்தி விலக வேண்டும். இதையெல்லாம் பழகாத பிள்ளைக்குத்தான் கடல் அதிக ஆபத்து. நல்ல பள்ளி இன்னொன்றும் கற்றுக்கொடுக்கும்: "இன்று போக வேண்டாம்" என்று முடிவெடுப்பது. காற்று கூடுகிறது, படகைத் திருப்பு என்று பதினேழு வயதில் சொல்லப் பழகியவர், பிற்காலத்தில் கூட்டம் தள்ளும் பக்கம் கண்மூடிப் போக மாட்டார்.

நான் அதிகம் பேச விரும்புவது ஏக்கம் பற்றி. விடுதிக் காப்பாளராக ஆண்டுக்கணக்கில் இருந்தவள் என்ற உரிமையில் பேசுகிறேன். அம்மையார் பிரிட்டனின் சார்ல்ஸ் மன்னரை எடுத்துக்காட்டினார். கோர்டன்ஸ்டனில் அவர் மகிழ்ச்சியாக இல்லை, சக மாணவர்களின் சீண்டலால் வேதனைப்பட்டார் என்பது ஊரறிந்தது. அவருடைய தந்தை பிலிப் அதே பள்ளியின் தொடக்க கால மாணவர், அங்கே தழைத்தவர். ஒரே பள்ளி, தந்தைக்கு ஒன்றாகவும் மகனுக்கு வேறாகவும் இருந்தது. இதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் அந்தச் சிறுவனை வாட்டியது விடுதியில் நடந்த சீண்டல். சீண்டலைக் கண்டும் காணாமல் விடும் விடுதி, கடலோரத்தில் இருந்தாலும் மலையில் இருந்தாலும் பிள்ளையை வாட்டும். அதற்குப் பணியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றாதீர்கள்.

வீட்டு ஏக்கம் பகலில் பெரிதாக வராது. விளக்கணைத்த பிறகு வரும். ஜன்னல் காற்றில் அதிரும், அலைச் சத்தம் ஓயாது, பக்கத்துக் கட்டிலில் யாரோ மெதுவாக மூக்கை உறிஞ்சுவது கேட்கும். விடுமுறை நாள் பிற்பகலும் அப்படித்தான். வீட்டுக்குப் பேசி முடித்த பிறகு அந்த மாலை நகரவே நகராது. அந்த நேரத்தில் "போய்ப் படி" என்று புத்தகத்தைக் கையில் கொடுத்துப் பாருங்கள். கண் வரியில் இருக்கும், மனம் வீட்டு வாசலில் நிற்கும். அதே பிள்ளையை அழைத்து, "கடலுக்குப் போன படகு திரும்பிவிட்டது, இயந்திரத்தை நல்ல தண்ணீரில் அலச வேண்டும், உப்பு தங்கினால் அரித்துவிடும், உடுப்புகளை உலர்த்த வேண்டும், நீயும் வா" என்று சொல்லுங்கள். மூத்த மாணவி ஒருத்தி பக்கத்தில் நின்று முடிச்சுப் போடச் சொல்லித் தருவாள். தேவைப்பட்டால் தன் முதல் வாரத்தைப் பற்றியும் சொல்வாள். ஏக்கம் மறைந்துவிடும் என்று நான் சொல்லவில்லை. மறையவும் வேண்டாம், அது அன்பின் அடையாளம். ஆனால் தன்னை நம்பி ஒரு வேலை இருக்கிறது என்று தெரிந்த பிள்ளைக்கு அந்த இடத்தில் ஒரு வேர் பிடிக்கிறது. ஆறுதல் சொல்லி நான் சாதிக்க முடியாமல் போனதை, உப்பு கழுவும் வேலை சாதித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

எல்லாப் பிள்ளையும் படகேற வேண்டுமா? வேண்டாம். அலைக்கு அஞ்சும் பிள்ளை கரையில் இருந்தபடி வானொலிச் செய்தியைக் கேட்டு நேரம் குறிக்கட்டும். படகு போன நேரம், திரும்ப வேண்டிய நேரம் இரண்டும் அந்தக் குறிப்பேட்டில்தான் இருக்கின்றன. படகு வரத் தாமதமானால் முதலில் தெரியப் போவதும் அந்தப் பிள்ளைக்குத்தான்.

நடுவர் அவர்களே, எனக்குப் பின் எதிரணியிலிருந்து இன்னொரு நண்பர் பேச வருகிறார். அவர் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லட்டும். கரைக்கு வெளியே ஒரு படகு கவிழ்ந்திருக்கிறது. உதவிக்குப் போக இரண்டு மாணவர்கள் முன்வருகிறார்கள். ஒருவர் மிதப்பு விதியை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவர், படகைத் தொட்டதில்லை. இன்னொருவர் இரண்டு ஆண்டுகளாகத் தன் முறை வரும்போதெல்லாம் மழையிலும் வந்து நின்றவர். தண்ணீரில் இருப்பது அந்த நண்பரின் சொந்தப் பிள்ளையாக இருந்தால், யாரை அனுப்பச் சொல்வார்?

பதிலை அவரிடமே விட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.